நேரில் பார்த்த தேதி

"பெரியம்மா, இந்த ஆளு மறுபடியும் வந்திருக்கான்!"

கல்லூரியிலிருந்து வந்தவள் தோள்பையைக்கூடக் கழற்றாமல் மேசைமேல் இருந்த பெரியம்மாவின் போனைத்தான் முதலில் எடுத்தாள். பெரியம்மா தையல் மெஷினை நிறுத்தாமலே, "எங்க?" என்றாள்.

"பூங்காப் பக்கம் தண்ணிக் குழாய் இருக்குன்னு மேப்ல போட்டியே, 'நேரில் பார்த்த தேதி'ன்னு நேத்துத் தேதி. அதுக்குக் கீழ 'நானும் பார்த்தேன்'னு இன்னைக்குத் தேதி போட்டிருக்கான்."

அது எல்லோரும் சேர்ந்து எழுதும் மேப். தெருவில் கண்டதை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். என்றைக்குப் பார்த்தோம் என்பதையும் குறிக்கவேண்டும். பெரியம்மாவுக்குப் போன மாதம்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. தைத்த துணியைக் கொடுக்கப் போகிற வழியில் பெஞ்சு, படிக்கட்டு, தபால்பெட்டி எதையும் விடுவதில்லை.

அவனும் விடுவதில்லை. முதலில் வாரக் கணக்கில் பின்தங்கி வந்தான். பிறகு நாள் கணக்கில். இப்போது மறுநாளே வந்துவிடுகிறான்.

"ஊர்ல எத்தனையோ பேர் மேப் போடறாங்க. நீ போட்டதை மட்டும் ஏன் தேடித் தேடிப் பார்க்கறான்? உன் பின்னாடியே வர்றான் பெரியம்மா. தேதி போடறதையாவது நிறுத்து."

"தேதி இல்லேன்னா பார்த்ததுக்கு என்னடி அர்த்தம்?" பெரியம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இப்பதான் நம்ம வீட்டு மாடிப்படியையும் போட்டேன். இன்னைக்குத் தேதி."

"ஐயோ! வீட்டையே காட்டிக் குடுத்துட்டியா?"

கையிலிருந்த போன் சிணுங்கியது. மாடிப்படிக்குக் கீழே புதிதாக ஒரு வரி: நானும் பார்த்தேன். இன்றைய தேதி.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படி ஏறி, நின்று, மறுபடி ஒரு படி.

அவள் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"திறக்காத பெரியம்மா!"

பெரியம்மா அவளை மெதுவாக ஒதுக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

நரைத்த தாடி. வியர்த்து வெளிறிய முகம். கையில் போன். அடையாளம் தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்பா...?"

அம்மா எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று சொல்லி, சின்ன வயதில் அவளைப் பெரியம்மாவிடம் விட்டுப் போனவர். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

அவர் மகளைப் பார்க்கவே இல்லை. அவர் கண்கள் அறைக்குள் வேறு யாரையோ தேடின.

"அவ எங்க?"

"யாரு தம்பி?"

"விளையாடாதீங்க. மேப்ல, அவளோட பழைய கணக்குல, தெருத்தெருவா தேதி போட்டுக்கிட்டு நடக்கறது யாரு?"

"என் தங்கச்சிதான். வேற யாரு நடப்பா?" என்றாள் பெரியம்மா.

"பொய்! அவ எப்படி நடப்பா? என் கையாலதானே அவளைப் புதைச்சேன்!"

உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்கள் வெளியே வந்தார்கள்.