கடல்மேல் நடக்கும் மீன்காரன்

ஆராதனை முடிந்ததும் ஜித்தின் பாறசாலைச் சபையின் மாமரத்தடியில் நின்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்தில் நின்ற நண்பன் விபினிடம் கேட்டான்.

“எலே, எங்க கம்பெனிக்க அந்த மீன்பிடி கேமுக்கு பைசா அடச்சாச்சா?”

“அடச்சாச்சு. வெளிய வர இன்னும் ரெண்டு மாசம் உண்டு.”

“கேன்சல் செய் மக்கா. அது இன்னும் முடியல்ல. அதுல வள்ளம் கரையேறி ரோட்டுல ஓடுது.”

“நம்ம பொழியூர்ல கடலே ரோட்டுக்கு வருது. வள்ளம் வந்தா என்ன?”

“மீன்காரன் கடலுக்க மேல நடக்கியான்.”

“கடல்மேல நடந்தவரப் பத்திதான போதகரு இப்ப ஒரு மணிக்கூர் பேசினாரு.”

ஜித்தின் சிரிக்கவில்லை. “நீங்க எல்லாரும் இப்பமே பைசா குடுத்தா, அதையெல்லாம் சரியாக்கணும்னு கம்பெனிக்காரனுக்கு என்ன அவசியம்?”

“ஒருத்தரும் வாங்கலேன்னா அவனுவ எப்பிடி நிப்பானுவ? இளைஞர் சங்கத்துல நாப்பது பேரையும் நான்தான் வாங்க வச்சேன். திருப்புறத்து சபைப் பயலுவளும் வாங்கியாச்சு.”

ஜித்தின் மாமரத்தை அண்ணாந்து பார்த்தான்.

விபின் அவன் தோளில் கைபோட்டான். “எல்லாம் உனக்காக்கும் மக்கா. உனக்க கம்பெனி நல்லா இருந்தாத்தான உனக்கு வேலை இருக்கும்?”

ஜித்தின் கைப்பேசியை அவனிடம் நீட்டினான். கம்பெனியின் கடிதம் அதில் இருந்தது.

‘முன்பதிவு எதிர்பார்த்ததைத் தாண்டிவிட்டது. விளையாட்டை இப்படியே வெளியிடுகிறோம். எனவே, பிழை கண்டுபிடிக்கும் உங்கள் பிரிவு நாளை முதல் தேவையில்லை. உங்கள் நண்பர்கள் தந்த ஆதரவுக்கு நன்றி.’