வாசலோடு நில்

“உள்ள வராத. அங்கயே நில்லு,” என்றாள் அக்கா.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தங்கை திகைத்தாள். இதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்த அக்காவின் கைக்குழந்தையைப் பார்க்க, பஸ் மாறி மாறி வந்தவள் அவள்.

“ஒரே ஒரு தடவை தூக்கிட்டுக் குடுத்துடறேன்க்கா.”

“வேண்டாம். கிளம்பு.”

“பைத்தியமா உனக்கு?” அம்மா சீறினாள். “எதிர்வீட்டுக்காரிகூட கொஞ்சிட்டுப் போறா. கூடப் பொறந்தவ ஆகாதவளாயிட்டாளா?”

அக்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். காரணத்தைச் சொல்வதற்கு அது அவளுடைய ரகசியம் அல்ல.

“விடும்மா. குழந்தையில்லாதவ கை பட்டா ஆகாதுன்னு பயப்படறா,” என்ற தங்கை, குரல் உடையப் படியிறங்கிப் போனாள்.

அக்கா குழந்தையோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தாள். கீழே தெருவில் நின்று தங்கை எடுத்தாள்.

“வயித்துல குழந்தை இருக்கறதாலதான்டி உன்னைத் தடுத்தேன். உன் வீட்டுக்காரர் நேத்தே சொல்லிட்டார். மூணு மாசம் ஆகறவரைக்கும் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னியாமே.”

தங்கை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“நான் மாசமா இருந்தப்ப எனக்கு வந்த ருபெல்லா அம்மைதான் இவன் இதயத்தைக் கெடுத்தது. அந்தக் கிருமி இன்னும் இவன் எச்சில்ல இருக்கலாமாம். ஒரு வயசாகறவரைக்கும் கர்ப்பிணிங்க யாரும் தொடக்கூடாதுன்னுட்டார் டாக்டர். நீ முதல்ல போய் உனக்கு அதுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கான்னு ரத்தத்தைப் பரிசோதிச்சுக்கோ.”

“சரிக்கா... அவனைப் பார்க்கவாவது பார்க்கலாமா?”

அக்கா குழந்தையை ஜன்னல் கண்ணாடியருகே தூக்கிப் பிடித்தாள். தெருவில் தங்கை, ஒரு கையை வயிற்றில் வைத்தபடி, வெகுநேரம் அண்ணாந்து நின்றாள்.