பத்தொன்பது பேருக்கு

கதவைத் திறந்தபோது இரண்டாவது மாடிக்காரர் தோளில் பையோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மனைவியும் மகளும் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“ரெட் அலர்ட் சொல்லிட்டாங்க ஆன்ட்டி. ஏரி நிரம்பிடுச்சாம். நாங்க கிண்டியில ரூம் போட்டுட்டோம். நீங்க எப்படி?”

“எங்கிட்ட எல்லாம் இருக்கு” என்றாள் அவள்.

உள்ளே வாருங்கள் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள்.

“அப்ப சரி ஆன்ட்டி.” அவர் நிம்மதியாகச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

மதியத்துக்குள் மற்ற ஐந்து வீடுகளும் பூட்டியாயிற்று. மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியிருந்த கார்களை டிவியில் காட்டினார்கள். அதில் தங்கள் குடியிருப்புக் கார் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். மழையில் எல்லாக் கார்களும் ஒரே நிறமாக இருந்தன.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் யாரும் கிளம்பவில்லை. கிளம்ப நேரமில்லை. கீழ்வீடுகளில் தண்ணீர் கட்டிலுக்கு மேல் ஏறிவிட்டது. மேல்வீடுகளில் கூரை ஒழுகியது. நடுவில் இருந்தது அவள் வீடு.

பத்தொன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். மூன்று நாள்.

அவள் வாசலில் அதற்கு முன்பு அத்தனை செருப்புகள் கிடந்ததில்லை.

தனியாள் சமையலறை. அரைக் கிலோ ரவையும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும்தான் இருந்தன. முதல் நாளே தீர்ந்துபோயின. இரண்டாம் நாள் கீழ்வீட்டு மெஹருன்னிசா தன் கைக்குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள். டப்பாவின் அடியைக் கரண்டியால் சுரண்டிச் சர்க்கரை எடுத்துக் கொடுத்தது இவள்தான். அந்தச் சத்தத்தை அவளால் மறக்க முடியவில்லை.

ஆனால் அந்த மூன்று நாளும் யாராவது ஒருவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மேகலா, இன்னொரு பாய் இருக்கா. மேகலாக்கா, கொஞ்சம் தள்ளிப் படுங்க. தூக்கத்தில் மெஹருன்னிசாவின் கால் அவள் மேல் கிடந்தது.

அவள் அதை நகர்த்தவில்லை.

தண்ணீர் வடிந்த மறுவாரமே வாங்க ஆரம்பித்தாள். பரண் நிறைய இறுக்கமான மூடி போட்ட டிரம்கள். வண்டு வராமல் அரிசியில் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டாள். ரவையை வறுத்து ஆறவைத்துக் கட்டினாள். துவரம்பருப்பு, அவல், வெல்லம். தீப்பெட்டிகளைப் பாலிதீன் பையில் சுற்றி வைத்தாள். கைக்குழந்தைக்கென்று பால் பவுடர் வாங்கினாள். அந்தக் குழந்தை இப்போது ஆம்பூரில் நான்காம் வகுப்பு படிக்கிறது.

எல்லாம் பத்தொன்பது பேருக்கு, மூன்று நாளுக்கு.

புதிதாக வாங்குவது பரணுக்குப் போகும். பரணில் பழசாகிப்போனதை அவள் சாப்பிடுவாள். ஒன்பது வருடமாக அவள் தட்டில் விழுந்தது எல்லாமே போன வருடத்து அரிசிதான்.

அந்தப் பத்தொன்பது பேரும் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். மெஹருன்னிசா இரண்டு ரம்ஜானுக்குப் போன் செய்தாள். புதிதாக வந்தவர்களுக்கு அவள் ஆன்ட்டி.

ரெட் அலர்ட் அன்று மாலையில் தண்ணீர் தெருவுக்குள் நுழைந்தது. மின்சாரம் போயிற்று. மறுநாள் விடிந்தபோது மாடிப்படியில் நான்கு படிகள் மூழ்கியிருந்தன. மழை விட்டிருந்தது.

அவள் பெரிய குண்டானில் பருப்பு சாதம் வைத்தாள். ஏன் அந்தக் குண்டானை எடுத்தோம் என்று அடுப்பு பற்றிய பிறகுதான் தோன்றியது.

பத்து மணிவாக்கில் படகு வந்தது. நான்கு மீனவர்கள். காசிமேட்டிலிருந்து படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பிரட் பாக்கெட்டுகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

“எத்தினி பேரும்மா இருக்கீங்க?” என்று மூத்தவர் கீழிருந்து கேட்டார்.

“நான் மட்டும்தான்.”

“பிரட்டு தரவா? இல்ல ஏறிக்கிறியா, ரோட்டாண்ட விட்டுர்றோம்.”

அவள் அவர்களுடைய முகங்களைப் பார்த்தாள்.

“நீங்க எப்ப சாப்பிட்டீங்க?”

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “நேத்து மதியானம்” என்றார் மூத்தவர்.

படகைப் படிக் கம்பியில் கட்டிவிட்டு ஏறி வந்தார்கள். வாசலில் தயங்கி நின்றார்கள். லுங்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“வீடு ஈரமாயிடும்மா.”

“ஆகட்டும்.”

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவர் மட்டும் ஊறுகாய்க்குக் கை நீட்டினார். இன்னொருவர் சாப்பிட்டு முடித்ததும் சுவரில் சாய்ந்தவாக்கில் தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பப் போனவரை அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

பத்து நிமிடம் அந்தக் கூடத்தில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

கிளம்பும்போது மூத்தவர் படகில் இறங்கிக் கயிற்றை அவிழ்த்தார்.

“நாளைக்கும் இந்தப் பக்கம் வருவீங்களா?” என்றாள்.

“மழைதான் நின்னுருச்சே. நாளைக்குள்ள தண்ணி வடிஞ்சிரும். நீ ஒண்ணும் பயப்படாதம்மா.”

ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

படகு தெருமுனை திரும்பியது. மோட்டார் சத்தமும் ஓய்ந்தது. மூழ்கியிருந்த படிகளில் ஒன்று தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டிருந்தது. அதன்மேல் சேறும் ஒரு தென்னை ஈர்க்கும் கிடந்தன.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு உள்ளே போய் நாளைக்கென்று இரண்டு கிலோ கொண்டைக்கடலையை ஊறப்போட்டாள்.