படிக்கல்

கை தானாகப் படிக்கல்லைத் தேடியது.

கடலில் படிக்கல் ஏது?

வாயில் கவ்வியிருந்த மூச்சுக்குழாய் வழியே உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியிருந்தது. கண்ணாடிக்குள்ளும் தண்ணீர். சற்று முன்வரை கீழே மஞ்சளும் நீலமுமாக மீன்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இப்போது எல்லாம் கலங்கல்.

ஊர்க் கிணற்றில் களைத்துப்போனால் இரண்டு கை வீசினால் போதும். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல் அகப்படும். மிதித்து ஏறிக்கொள்ளலாம்.

அகப்பட்டது.

பிடித்தான். அழுத்தினான். தலை வெளியே வந்தது. காற்று. இன்னொரு மிதி. இன்னும் கொஞ்சம் காற்று.

படிக்கல் அசைந்தது. அதற்குத் தலைமுடி இருந்தது.

அவனுக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகும் ஒரு முறை மிதித்தான்.

படகுக்காரர் நசீர் குதித்து வந்து இருவரையும் இழுத்துப் படகில் போட்டார். அவன் மனைவி குப்புறக் கிடந்து இருமினாள். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தது அவள்தான். கரையில் நசீர் இரண்டு நீட்டியபோது, ஒன்றை அவன் திருப்பிக் கொடுத்திருந்தான்.

“எட்டு வயசுல சுரைக்குடுக்கை கட்டாம கெணத்துல குதிச்சவனுங்க நானு.”

உல்லாசக் கப்பலிலிருந்து திருகோணமலையில் இறங்கியதிலிருந்தே அவனுக்கு வாய் அதிகம்தான். கப்பலில் விற்ற சுற்றுலா கொள்ளை என்றான். துறைமுக வாசலில் தானே ஆட்டோ பிடித்தான். நிலாவெளியில் தானே பேரம் பேசினான். கால்வாசிச் செலவில் புறாத்தீவு. கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷத்துக்கு அவளுக்குக் கடலடி காட்டப்போகிறானாம்.

நசீர் அவன் முதுகைத் தட்டினார்.

“நல்ல வேளை அண்ண, நீங்க பிடிச்சீங்க. இல்லாட்டி அக்காட கதை முடிஞ்சிருக்கும்.”

அவன் வாயைத் திறந்தான். இருமல் வந்தது.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு நசீரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

சாயங்காலம் கப்பலின் சாப்பாட்டு மேசையில் அவளே கதை சொன்னாள். அலையில் மூச்சு முட்டியதாம். இவர்தான் பிடித்து மேலே தூக்கினாராம். எதிரே இருந்த சென்னைக்கார அம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். கொடுத்து வைத்தவள் என்றாள். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

அவன் மனைவி சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். அதற்குக் கீழே நான்கு நகக்கீறல்கள். அவனுடைய நகங்கள்.

வெட்கத்தில் அவனுக்குக் காது எரிந்தது. அவள் காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அறைக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். அவள் கதவைத் திறந்ததும் குளிருகிறது என்றாள். இவன் ஏ.சி.யைக் குறைத்தான். அத்தோடு சரி.

மறுநாள் அடுத்த துறைமுகம். வேறு படகு, வேறு படகுக்காரர். போக வேண்டாமே என்று அவன் முனகினான். அவள்தான் கிளம்பினாள்.

படகுக்காரர் இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகளை நீட்டினார். இவன் கை முதலில் போய் ஒன்றை வாங்கிக்கொண்டது. கிணற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. கொக்கி மாட்ட வரவில்லை. அவளே மூன்று கொக்கிகளையும் மாட்டி, வாரை இறுக்கி இழுத்துப் பார்த்தாள்.

“பயப்படாதீங்க. நானு கிட்டயேதான் இருப்பேன்.”

சொன்னபடியே இருந்தாள். அவன் போன பக்கமெல்லாம் வந்தாள். மீனைக் காட்டினாள். ஆமையைக் காட்டினாள்.

ஒரு முறை அவன் சும்மா அவள் பக்கம் கையை நீட்டிப் பார்த்தான்.

ஒரு சாண் எட்டவில்லை.

சற்று அருகே நீந்திப் போய் மறுபடி நீட்டினான். அப்போதும் ஒரு சாண்.