சிஸ்டத்துக்கு என்ன கோபம்?

"சிஸ்டம் படுத்துருச்சு. முழுக்க கம்பெனிக்காரன் தப்பு," என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார் செழியன். திண்டுக்கல்லில் அந்த ஆஸ்பத்திரி லேபுக்குப் பொறுப்பாளர் அவர்தான்.

ரத்தம் பிடித்த குழாயில் ஒட்டிய பார்கோடு சீட்டை ஸ்கேனர் படித்தால்தான் மிஷின் வேலையைத் தொடங்கும். காலையிலிருந்து எந்தக் குழாயைக் காட்டினாலும் அது வாயே திறக்கவில்லை.

"சார், பிளேட்லெட்டு எம்புட்டுன்னு தெரியலைன்னா மதுரைக்கு ஏத்திருவோம்னு டாக்டர் சொல்றாரு," என்றான் நாச்சிமுத்து. வேடசந்தூர் மில்லில் வேலை. டெங்குக் காய்ச்சலோடு வார்டில் கிடப்பது அவன் மனைவி மாயம்மாள்.

"செத்த நேரம் பொறு அப்பு."

சொல்லிவிட்டாரே தவிர, எவ்வளவு நேரம் என்று செழியனுக்கே தெரியாது. மைக்ராஸ்கோப்பில் எண்ணலாம்தான். ஆனால் எண்ணிப் பல வருடமாகிவிட்டது; தன் கணக்கைத் தானே நம்பமாட்டார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மறுபடியும் அணைத்துப் போட்டார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

பிறகு கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். "நேத்து ஆயுத பூஜைக்கு ஒரு மிஷின் விடாம என் கையாலயே பூஜை செஞ்சேன். அதுக்கே இப்படின்னா, உங்க சாப்ட்வேரு என்ன லட்சணம்?"

கம்பெனியிலிருந்து தமிழ்நிலா ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது, வாசலில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. நாச்சிமுத்து அழுதேவிட்டான்.

அவள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. மேசையை ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்சம் பஞ்சு கேட்டு வாங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தாள். 'கீங்' என்று சத்தம் வந்தது. மிஷின் ஓடத் தொடங்கியது.

மாயம்மாளின் ரிசல்ட் வந்தது. பயப்படும்படி இல்லை, இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பியது.

"நீங்க நல்லா இருக்கணும் சார்," என்று நாச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். செழியன் கூச்சமில்லாமல் அதை வாங்கிக்கொண்டார். வந்த தெம்பில் குரலையும் உயர்த்தினார்.

"இப்பவாச்சும் எல்லார் முன்னாடியும் சொல்லும்மா. சாப்ட்வேர்ல என்ன கோளாறு?"

தமிழ்நிலா பஞ்சை அவர் கையில் வைத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பூஜைக் குங்குமப் பொட்டை ஸ்கேனரோட கண்ணுலயே வச்சுட்டீங்க சார்."