பஃபே வேண்டாம்

"பஃபே எடுத்துக்குங்க மேடம். குழந்தைக்கு இலவசம்" என்றாள், கேளிக்கைப் பூங்காவின் சாப்பாட்டு கவுன்டரில் இருந்த பெண்.

"வேணாம்மா. உட்கார்ந்த இடத்துக்கே கொண்டு வந்து வைக்கிற பிளான் குடு. மூணு பெரியவங்க, ஒரு குழந்தை" என்றாள் கணவனோடும் மகளோடும் வரிசையில் நின்றவள்.

"அது ரெண்டு மடங்கு ஆகும்."

"ஆகட்டும். இவரு எழுந்து போய் எடுத்துக்க மாட்டாரு."

கவுன்டர் பெண் எட்டிப் பார்த்தாள். கைமேல் கோட்டைத் தொங்கவிட்டபடி கணவன். அவனை உரசிக்கொண்டு, மகள் 'மாமா' என்று கூப்பிடும் வாட்டசாட்டமான ஆள்.

"ஒரு தட்டு தூக்க உடம்பு வணங்கலையா சார்? மேடம்தான் பாவம்."

கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வாசலில் தன் மணிக்கட்டில் கட்டிவிட்ட காகிதப் பட்டையைத் திருகிக்கொண்டிருந்த மகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கப்பா ஒண்ணும் சோம்பேறி இல்ல. என்னைத் தூக்கிக் காட்டுப்பா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

கோட்டு நழுவி விழுந்தது. அதை எடுக்க மாமா அவசரமாகக் குனிய, அப்பாவின் கையும் கூடவே இறங்கியது. கவுன்டர் பெண்ணின் சிரிப்பு உறைந்துபோனது.

"ஏம்மா, எனக்குக் காகிதத்துல கட்டிட்டு, அப்பாவையும் மாமாவையும் மட்டும் ஏன் இரும்புல சேர்த்துக் கட்டியிருக்காங்க?"