இடது கைப் பிளாஸ்திரி

“புது ஊசி சார். நாலு பேரு போட்டுப் பாக்கட்டும், அப்புறம் நாம போட்டுக்கலாம்” என்று டைப்பிஸ்ட் அம்மா இழுத்தார்.

மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டார். இடது கையில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. “ஊரெல்லாம் நோய் பரவிக்கிட்டு இருக்கு, நீங்க இன்னும் யோசிச்சுட்டே இருங்க. நான் காலையிலேயே போட்டாச்சு. எறும்பு கடிச்ச மாதிரிதான். கீழ நர்ஸம்மா உக்காந்திருக்காங்க, ஒவ்வொருத்தரா போயிட்டு வாங்க.”

போனவர்கள் எல்லாரும் கையில் பிளாஸ்திரியோடு திரும்பினார்கள். “சும்மா சொல்லக் கூடாது சார், வலியே இல்ல” என்றார் ஸ்டோர் கீப்பர். எட்டுக்கு எட்டு. மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நாலு மணிக்கு நர்ஸ் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். “என்ன சார், காலையில இருந்து ஈ ஓட்டிட்டு இருக்கேன். உங்க ஆபீஸ்ல இருந்து ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலையே?”

“எல்லார் கையிலயும் பிளாஸ்திரி இருக்கேம்மா.”

“நாங்க பிளாஸ்திரியே ஒட்டுறதில்ல சார். பஞ்சை வச்சு அழுத்தி அனுப்பிடுவோம்.”

எட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக நிமிர்ந்து மேலாளரின் இடது கையைப் பார்த்தார்கள். அவர் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டார்.

“எறும்பு கடிச்ச மாதிரின்னு சொன்னீங்களே சார்” என்றார் டைப்பிஸ்ட் அம்மா. “அது எந்த எறும்பு?”

“இன்னும் கடிக்கலம்மா. வாங்க, சேர்ந்தே போய்ப் பாத்துடுவோம்” என்று மேலாளர் முதல் ஆளாகப் படியிறங்கினார்.